முனியடியில்தான் சிக்னல்

முன்பின் தெரியாத ஒரு பெண் வீடியோ கோலில் வந்து உங்களிடம் பேசத் தொடங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கட் பண்ணுவீர்கள். ப்ளொக் பண்ணுவீர்கள். குறைந்தபட்சம் முகத்தையாவது சுளிப்பீர்கள்.

எங்கள் அப்பா வயசு கேட்டார்.

"அவுங்களுக்கு எத்தன வயசுன்னு கேளு புள்ள. அக்காவா தங்கச்சியான்னு தெரியாம எப்புடிப் பேசறது?"

தெல்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அப்பாவின் கையில் என் போன். போனுக்குள் மொரிஷியஸில் ஒரு சமையலறை, அதற்குள் பூப்போட்ட சட்டை போட்ட ஒரு பெண். அவருக்கு அந்த ஊர்க் கிரியோல் மொழி மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான். நடுவில் நாங்கள் இரண்டு பேர். அவருடைய மகள் எலொடி கிரியோலை ஆங்கிலமாக்குவாள், நான் ஆங்கிலத்தைத் தமிழாக்குவேன். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம்.

வயசு வந்தது. அப்பாவை விடக் கூட.

"அப்ப அக்கா" என்று அப்பா நிம்மதியானார். "சொல்லுங்க அக்கா, சாப்பிட்டீங்களா?"

நான் காலுக்குக் கீழே பார்த்தேன். மண்ணில் ஒரு வெடிப்பு. என் செருப்பு முழுசாக உள்ளே போகும் அகலம்.

மஞ்சள் நாடா

நாங்கள் நின்ற இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்தது. பெரிதாகச் சத்தமெல்லாம் இல்லை. ஒரு நாள் காலையில் பாத்ரூம் சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மஞ்சள் நாடா கட்டினார்கள். எல்லாரையும் கீழே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வகுப்பறையில் சேலையைக் கட்டித் திரை போட்டுக் குடும்பம் நடத்துவது எப்படி என்று என் அம்மாவிடம் கேளுங்கள், ஒரு புத்தகமே எழுதுவார்.

பிறகு நிலம் யாருடையது என்ற சண்டை. தோட்டக் கம்பனியைக் கேட்டால், நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்தான் என்றார்கள். அரசாங்க ஒபிசில் கேட்டால், குத்தகைக்குக் கொடுத்தாச்சு, கம்பனியைக் கேளுங்கள் என்றார்கள். மலை இரண்டு பேருடையதும் இல்லையாம். வெடிப்பு மட்டும் எங்களுடையது.

கடைசியில் ஒரு வழி வந்தது. கம்பளைக்கு அந்தப் பக்கம், வேறொரு தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு துண்டு காணி. வேண்டும் என்பவர்கள் அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். லயமே ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தது. என் அப்பாவைத் தவிர.

சும்மா பெயர் கொடுக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. பின்னேரமானால் நாடாவைக் குனிந்து தாண்டி மேலே போய்விடுவார். முனிக்கு விளக்கு வைக்க வேண்டும், ஜொனிக்குச் சோறு போட வேண்டும். ஜொனி எங்கள் நாய். கீழே இறங்கி வர மாட்டேன் என்று லயத்து வாசலிலேயே படுத்துக்கிடந்தது. அப்பாவின் வளர்ப்பு அப்படி.

"அந்த முனிக்குக் கால் இருந்திருந்தா எப்பவோ ஓடிப்போயிருக்கும்" என்பார் அம்மா. "இந்த மனுசனுக்கு ரெண்டு கால் இருந்தும் பிரயோசனம் இல்ல."

நான் அம்மா கட்சி. கண்டியில் அம்பிட்டியப் பக்கம் ஒரு அறையில் இருந்துகொண்டு, மழை இருட்டினாலே போனை எடுத்துப் பார்க்கிற ஆள் நான். போய்த் தொலையலாமே, காணிதானே, அங்கேயும் தேயிலைதானே என்று ஒவ்வொரு லீவுக்கும் போய்க் கத்தினேன். அப்பா கேட்டுக்கொண்டே வெற்றிலை போடுவார்.

"முனிய என்னா பண்றது?"

"பிடிமண் எடுத்துட்டுப் போங்க. எல்லாரும் அதத்தானே செய்றாங்க?"

கேள்விப்படாதவர்களுக்கு: காவல் தெய்வத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அது இருக்கிற இடத்தில் பூசை வைத்து, உத்தரவு கேட்டு, ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தால் தெய்வம் கூடவே வந்துவிடும். 

"எடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. காரணம் சொல்லவில்லை. சொல்கிற பழக்கமும் இல்லை.

பாஸ்போர்ட்டில் இல்லாத ஊர்

எலொடி நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுசுக்கு வந்தவள். அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிவிட்டு ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுப்பது என் தொழில். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒரு பட்டதாரி இருக்கும்.

கண்டியில் ஒரு ஹோட்டலில், இடம்பெயர்ந்த மக்களைப் பற்றிய கூட்டத்தில் பேச வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சுருட்டை முடி, வாய் நிற்கவே நிற்காது. பாஸ்போர்ட்டைப் பார்த்து, "மொரிஷியஸில் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"மொரிஷியஸில் வீடு இருக்கிறது. ஊர் இல்லை" என்றாள். போனில் மெப்பைத் திறந்து, நீலத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நீலம், நீலம், மேலும் நீலம். கடைசியில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு கோடு. "இதுதான்."

டியேகோ கார்சியா. எனக்கு அது தெரியும்! கெம்பசில் படித்திருக்கிறேன். சாகோஸ் தீவுக்கூட்டம், மொரிஷியசுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன் பிரித்தானியா அதைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது, பெரிய தீவை அமெரிக்காவின் படைத்தளத்துக்குக் கொடுத்தது, மொரிஷியஸ் இன்றைக்கும் அது தன்னுடையது என்கிறது. எல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். நான் எழுதிய பதிலில் மூன்று நாடுகள் இருந்தன. ஒரு ஆள் இல்லை.

எலொடியின் அம்மா கொலெட் அந்தத் தீவில் பிறந்தவர். தென்னந்தோட்டம். அவருடைய அப்பா தேங்காய் உரித்தார், அம்மா தேங்காயை உடைத்துப் பருப்பெடுத்தார். ஒரு நாள் கப்பல் வந்தது. ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். சின்னப் பிள்ளையாக இருந்த கொலெட் மொரிஷியசின் சேரியில் வளர்ந்து கிழவியாகிவிட்டார்.

இப்போது தீவுகள் மொரிஷியசுக்குக் கைமாறும் என்று ஒரு வாரம் செய்தி வருகிறது, மாறாது என்று அடுத்த வாரம் வருகிறது. மாறினாலும் கொலெட்டின் தீவுக்குத் திரும்ப முடியாது. அங்கே படைத்தளம் இருக்கிறது. அதே தீவுக்கூட்டத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறு குட்டித் தீவுகளுக்கு வேண்டுமானால் போய்க் குடியிருக்கலாமாம். போகத் தயாரா என்று அவர்களுடைய சங்கத்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்கிறார்கள்.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?"

"ஒன்றும் சொல்லவில்லை! கேட்டால் மீன் கழுவப் போய்விடுகிறார்."

"என் அப்பா வெற்றிலை போடுவார்."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கொத்துரொட்டிக் கடையில் உட்கார்ந்து பெற்றவர்களைக் கிழித்த கிழி இருக்கிறதே, அந்த மேசைக்குக் காது இருந்திருந்தால் எழும்பி ஓடியிருக்கும்.

கூலிக்கு வந்தவர்கள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எலொடி ஒன்று சொன்னாள். அவர்களைத் தீவிலிருந்து எடுக்கும்போது வெள்ளைக்காரர்கள் சொன்ன காரணம். இவர்கள் அந்தத் தீவின் மக்களே இல்லை, ஒப்பந்தத்துக்கு வந்த கூலிகள், தற்காலிகமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து செத்தவர்களை.

நான் கொத்தை மெல்லாமல் வைத்திருந்தேன்.

இது எங்களுக்குச் சொன்னது இல்லையா? எழுத்துக்கு எழுத்து அதேதானே? என் தாத்தா காலத்தில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். உங்களுக்கு இத்தனை, எங்களுக்கு இத்தனை. சாமான் பிரிக்கிற மாதிரி. அப்பாவின் சித்தப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். தலைமன்னார் கப்பலில் போனவர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்தே பறித்தார். அங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரன். இங்கே எங்களுக்குப் பெயர் இந்தியாக்காரன்.

எலொடிக்கு இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "மொரிஷியஸில் எங்களைத் தீவுக்காரர்கள் என்பார்கள். தீவில் இருந்தபோது கூலிகள் என்றார்கள்."

கூட்டம் முடிந்து அவளுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது. முதல் நாள் தெல்தெனியவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், விக்டோரியா நீர்த்தேக்கம் பார்க்க. எல்லாரும் அழகு என்பார்கள். இதற்குக் கீழே பழைய டவுன் இருக்கிறது, கடை கண்ணியோடு, தண்ணீர் வற்றினால் சுவர்கள் தெரியும் என்றேன். அவள் செல்பி எடுக்கத் தூக்கிய போனைக் கீழே இறக்கிவிட்டாள். "இங்கே இருந்தவர்கள் வந்து பார்ப்பார்களா?" என்று கேட்டாள். "வற்றினால் வருவார்கள்" என்றேன். "பரவாயில்லை. உங்களுடையது வற்றவாவது செய்கிறது" என்றாள்.

மறுநாள் தெல்தோட்டை பஸ். உள்நோக்கத்தோடுதான் கூட்டிப்போனேன். ஒரு தீவையே இழந்தவள் வந்து, இடமெல்லாம் பெரிய விசயமில்லை, உயிரோடு இருங்கள் என்று அப்பாவிடம் சொன்னால் கேட்பார் என்று ஒரு நப்பாசை.

பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு பேர் கச்சதீவு யாருக்குச் சொந்தம் என்று பேராதனையிலிருந்து கலஹா வரை சண்டை பிடித்தார்கள். எலொடிக்கு விளக்கினேன். "அங்கே எவ்வளவு பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். யாரும் இல்லை, ஒரு கோயில்தான் இருக்கிறது, வருசத்துக்கு ஒரு திருவிழா என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. ஆளில்லாத தீவுக்குப் பஸ்ஸிலேயே இரண்டு பேர் கத்துகிறார்கள். ஆள் இருந்த தீவுக்குக் கத்த ஆள் இல்லை.

இரண்டு தோட்டம்

என் திட்டம் பள்ளிக்கூடத்து வாசலிலேயே பிசகியது. எலொடி அப்பாவுக்குப் புத்தி சொல்லவில்லை. அம்மா கொடுத்த ரொட்டியையும் கட்டச்சம்பலையும் உறைப்பில் கண்ணீர் வழியத் தின்றுவிட்டு, "என் அம்மாவிடம் பேசுகிறாரா என்று கேள்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை. பள்ளம். தோட்டத்திலேயே ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், முனியடி. ஆகவே மழையில்லாத அந்தப் பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் நாடாவைக் குனிந்து தாண்டினோம். அம்மா கீழேயிருந்து ஏசிய ஏச்சை எலொடிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

வயசு விசயம் முடிந்ததும் அப்பா வேலை விசயத்துக்குப் போனார்.

"அங்க அக்கா வீட்டுல என்னா வேல?"

தேங்காய் என்று பதில் வந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு உரிக்க வேண்டும், உரித்தால்தான் சம்பளம்.

"கொறஞ்சா?"

குறைந்தால் அரைச்சம்பளம்.

அப்பா துள்ளிவிட்டார். "அரப்பேரு! அங்கயும் அரப்பேருதான்! சொல்லு புள்ள, இங்கயும் கொழுந்து கொறஞ்சா அரப்பேருதான் போடுவாங்கன்னு சொல்லு!"

சொன்னேன். எலொடி சொன்னாள். மொரிஷியஸ் சமையலறையில் கொலெட் கையைத் தட்டிச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அவரவர் துரைமாரைத் திட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மறந்தே போனார்கள். மொழிபெயர்க்காமலே திட்டு புரிந்தது.

ஜொனி வந்து அப்பாவின் காலடியில் படுத்தது. கொலெட் அதைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. கப்பலில் நாய்களை ஏற்ற விடவில்லை என்றார். தீவில் இருந்த நாய் எல்லாவற்றையும் கொன்றார்கள் என்றார். தன் நாய் கறுப்பு என்றார்.

எலொடி அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது குரல் மாறியது. நான் தமிழில் சொல்லும்போதும். அப்பா குனிந்து ஜொனியின் காதைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, "சாமி?" என்றார்.

தீவில் ஒரு கோயில் இருந்தது, மாதா கோயில். அது இப்போதும் இருக்கிறதாம். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களாம், கொஞ்ச நேரம். படைத்தளத்துக்காரர்கள் சுற்றிலும் புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்களாம்.

"ஆளு இல்லாத கோயிலுக்குப் புல்லு வெட்டி என்னாத்துக்கு?" என்றார் அப்பா. பிறகு போனைக் கிட்டப் பிடித்துக்கொண்டு, நான் அதுவரை அவரிடம் கேட்காத நிதானத்தில் பேசினார்.

"அக்கா, நான் ஒன்னு சொல்றேன், கோவிக்கக் கூடாது. அந்தத் தீவு இல்லாட்டி மத்தத் தீவுக்குப் போங்க. கடல் ஒன்னுதானே? இந்தா, இந்த முனி இருக்கே, இதுவும் இந்த ஊரு இல்ல. எங்க பாட்டன் இந்தியாச் சீமையில இருந்து வரையில வேட்டி முந்தியில முடிஞ்சு கொண்டாந்த ஒரு பிடி மண்ணு. வந்த எடத்துல வச்சாரு. சாமி வந்துருச்சுல்ல? போங்க அக்கா. ஒங்க காலு பட்டா அது ஒங்க ஊரு."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எலொடி என் கையை இடித்தாள். மொழிபெயர்த்தேன். வரிக்கு வரி.

கொலெட் சொன்னது சின்னது.

"அப்படியென்றால் நீங்கள் ஏன் இன்னும் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்."

அப்பா முனியைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார். மாட்டிக்கொண்டார் என்று அவருக்கே தெரிந்தது. எங்களிடம் ஒரு நாளும் சொல்லாத காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

"பிடிமண்ண எடுத்துட்டா, நாங்களா விட்டுட்டுப் போனோம்னு ஆயிரும்ல அக்கா? சாமியும் இல்ல, சனமும் இல்ல, அவனுங்க எப்பவும் இங்க இருந்தவனுங்க இல்லன்னு சொல்லிருவாங்க. ஒரு ஆளாவது நிக்கணும்."

இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. எலொடி அதைத் தன் அம்மாவுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து திரும்பி வந்தது இதுதான்:

"தம்பி, நாங்கள் ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. அப்போதும் அப்படித்தான் சொன்னார்கள்."

என் டேட்டா முடிந்தது அதற்குப் பிறகா, அப்பா தானாகவே போனைக் கீழே இறக்கினாரா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. ஜொனி எழும்பி உடம்பை உதறியது ஞாபகம் இருக்கிறது. இறங்கும்போது அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். நாடாவுக்குக் குனியவில்லை. அவிழ்த்து, நாங்கள் தாண்டியதும் திரும்பக் கட்டினார்.

டின்

அந்த வெள்ளிக்கிழமை சேவல், சூடம், வெற்றிலை எல்லாம் வைத்து அப்பா பிடிமண் எடுத்தார். பால்மா டின்னில் போட்டுச் சிவப்புத் துணி கட்டினார். டின் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குக் கீழே இருக்கிறது. கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை பெயரும் கொடுத்துவிட்டார். அம்மா நம்பாமல் இரண்டு தடவை போய் விசாரித்துவிட்டு வந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காணி இன்னும் காட்டவில்லை. காட்டுவார்கள், காட்டுவார்கள் என்கிறார்கள். எலொடி ஊருக்குப் போய்விட்டாள். கொலெட் இன்னும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தீவும் இன்னும் கைமாறவில்லை.

ஆனால் இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப் இருக்கிறது. கொலெட் கிரியோலில் வொயிஸ் அனுப்புகிறார். அப்பா தமிழில் வொயிஸ் அனுப்புகிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு மண்ணும் விளங்காது. எலொடியும் நானும் பிறகு கேட்டு விளக்கம் சொல்வோம். போன தடவை அப்பா அனுப்பியதில் பாதி ஜொனி குரைப்புதான், வேண்டுமென்றே போனை நாய் வாய்க்குக் கிட்டப் பிடித்திருக்கிறார். கொலெட் அதை நாலு தடவை போட்டுக் கேட்டாராம்.

பிரச்சினை உங்களுக்கு விளங்கியிருக்கும். வொயிஸ் போக வேண்டுமென்றால், வர வேண்டுமென்றால், சிக்னல் வேண்டும்.

"சாமியத்தான் எடுத்தாச்சே, பெறகு ஏன் மேல போறீங்க?" என்று நேற்று முன்தினம் லீவில் போனபோது சண்டை பிடித்தேன்.

"அக்கா பதில் போட்டிருப்பாங்க புள்ள. பாத்துட்டு ஒடனே எறங்கிருவேன்."

ஆகவே எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. மழை தொடங்கினால் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன். என்னவாவது, ஒரு புள்ளி. உங்களுக்கெல்லாம் மெசேஜ் போய்ச் சேர்ந்தால் சந்தோசம். எனக்கு நேர்மாறு. ஒரு டிக் என்றால் போய்ச் சேரவில்லை, அப்பா கீழே பள்ளிக்கூடத்தில் அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் வேலையைப் பார்ப்பேன்.

இதை ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கண்டியில் காலையிலிருந்து மழை. தெல்தோட்டைப் பக்கம் இதைவிட மோசம் என்று ரேடியோ சொல்கிறது. மூன்றாவது பந்தி எழுதும்போது ஒரு புள்ளி அனுப்பினேன்.

இப்போது இரண்டு டிக் விழுந்திருக்கிறது.